பென்டிரைவ் அளவில் ஒரு நுரையீரல்

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்த என் மகள், 'உறுப்புச் சில்லுகளுக்கான மின்வேதி உணரி' பற்றி பிஎச்.டி. செய்யப் போகிறாளாம். அது என்ன?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறதா? அந்தப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டதும் அதிலுள்ள நொதி குளுக்கோஸோடு வினைபுரிந்து, வெளிவரும் எலக்ட்ரான்கள் சிறு மின்னோட்டமாக ஓடுகின்றன, அதைத்தான் கருவி எண்ணாகக் காட்டுகிறது. இப்படி வேதிவினையை மின்சாரமாக அளப்பதுதான் மின்வேதி உணரி. 1962இல் கிளார்க், லயன்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் போட்ட விதை இது. நம் தர்மபுரி மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அளக்கும் மின்முனையும் இதே குடும்பம்தான்.

உறுப்புச் சில்லு என்பது பென்டிரைவ் அளவிலான, கண்ணாடி போன்ற ரப்பர் துண்டு. முடி போன்ற கால்வாய்களில் மனித செல்களை வளர்த்து, ஊட்டத் திரவம் ஓடவிடுவார்கள். ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தார் 2010இல் இப்படி ஒரு நுரையீரலையே செய்து, மூச்சுவிடுவதுபோல விரிந்து சுருங்கவும் வைத்தார்கள்! சரி, மருந்து கொடுத்தபின் அந்த செல்கள் எப்படி இருக்கின்றன? சாயம் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சோதனை அதோடு முடிந்துவிடும். உள்ளேயே உணரி இருந்தால் ஆக்சிஜன், குளுக்கோஸ், லாக்டேட் (செல்கள் வெளியே விடும் ஒரு கழிவு) எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் தெரியும்.

சிரமமும் இங்கேதான். சில நாட்களில் புரதம் மின்முனையில் பாசிபோலப் படிந்து அளவு நழுவும், அதோடு இருப்பதே சில துளி திரவம் என்பதால் செல்லுக்கான ஆக்சிஜனை உணரியே தின்றுவிடக் கூடாது. அருமையான தலைப்பு, தைரியமாகச் சேரட்டும். செல் வளர்க்கும் வசதி அதே வளாகத்தில் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.