தீவு நாடுகளுக்கு உதவுவது வீண் செலவா?

'சில லட்சம் பேர் வாழும் தீவுகளுக்கு நம் வரிப்பணத்தைக் கொட்டுவது வீண்தானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊரில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் 2010 முதல் ஐந்து வருடம் மாலத்தீவில் ஆசிரியராக இருந்தவன்.

2014 டிசம்பர் 4. தலைநகர் மாலேயில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. மாலே இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவு. லட்சத்துக்கும் மேல் ஜனம். ஆறு, ஏரி எதுவும் கிடையாது. கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. அந்த ஒரு நிலையம் நின்றதும் ஊரே காய்ந்துவிட்டது.

ஐந்தாவது மாடியில் நான்கு பேர் தங்கியிருந்தோம். கக்கூசுக்குக் கடல் தண்ணீரை பக்கெட்டில் மொண்டு படியேறினோம். கடைகளில் பாட்டில் காலி. கையில் இருந்தது ஒன்றரை லிட்டர். பல் தேய்த்துவிட்டு, பாட்டில் மூடியில் அளந்து ஊற்றித்தான் வாய் கொப்பளித்தோம்.

அடுத்த நாளே இந்திய விமானப்படை தண்ணீர் கொண்டு வந்தது. அரக்கோணம் கடற்படை விமானத் தளம் வழியாக! என் அம்மா அரக்கோணத்தில்தான் இருக்கிறார். போனில், "நமக்கே லாரித் தண்ணிதான். பரவாயில்ல, நீ வயிறாரக் குடிடா" என்றார். அப்புறம் சுகன்யா, தீபக் என்று நம் கடற்படைக் கப்பல்கள் வந்தன. சீனாவும் அனுப்பியது.

'எல்லாம் செல்வாக்குப் போட்டி, கடன் வலை' என்று சிலர் கிளம்புவார்கள். கடனைக் கொடுத்துக் கழுத்தை நெரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் 1987 வெள்ளத்துக்குப் பிறகு ஜப்பான் பணத்தில் மாலேயைச் சுற்றி எழுந்த தடுப்புச் சுவரைப் பாருங்கள். 2004 சுனாமியில் நகருக்குள் தண்ணீர் புகுந்தது உண்மைதான். ஆனால் அலையின் வேகத்தை அந்தச் சுவர் வாங்கிக்கொண்டது. 'மிகவும் பின்தங்கிய நாடுகள்' பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிக்க ஐநா முடிவெடுத்து ஆறே நாளில் வந்த சுனாமி அது. பட்டியலை விட்டு வெளியே வர 2011 ஆகிவிட்டது. ஒரே காலையில் ஒரு நாட்டின் பல வருட உழைப்பு போய்விடும். தீவு என்றால் அதுதான்.

     

2011-இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது மாலத்தீவு மக்கள் சூரை மீன் டின்களைச் சேர்த்து அனுப்பினார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டிலிருந்து இரண்டு டின் எடுத்து வந்து என் மேசையில் வைத்தான். "சுவர் கட்டினவங்களுக்கு சார்" என்றான்.