வீட்டுப் பக்கத்துல பெரிய குளவிக்கூடு கட்டியிருக்கு, நாமளே ராத்திரி எரிச்சிரலாமா?

எரிக்காதீங்க. நாங்க எரிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

எங்களுக்கு தாண்டிக்குடி பக்கம், கொடைக்கானலுக்குக் கீழ் மலை, காப்பித் தோட்டத்துக்குள்ளயே வீடு. ரெண்டு வருசம் முன்னாடி ஐப்பசி மழை விட்டு விட்டுப் பேஞ்சுகிட்டிருந்த நேரம், சாயங்காலம் பால் கறக்க உக்காந்தா கொட்டாய்க்குள்ள சொரக் சொரக்னு ஒரு சத்தம், எலி எதையோ கொறிக்குதுன்னுதான் நெனச்சேன். திரும்பிப் பாத்தா கொட்டாய்க் கால்ல ஒரு குளவி தலையை ஆட்டி ஆட்டி மரத்தைச் சுரண்டிக்கிட்டு இருக்கு, சுரண்டுன இடம் மட்டும் நகத்தால கீறுன மாதிரி வெளுத்துத் தெரியுது. அந்த மரத்தூளை மென்னு எச்சில்ல கொழச்சுத்தான் கூடு கட்டுதுங்க, அதாவது அது மண்ணு இல்ல, காகிதம் மாதிரி. நாலு நாள் கழிச்சு வைக்கோல் எடுக்கப் போனப்பதான் தகரத்துக்கு அடியில கூட்டையே பாத்தேன், தண்ணிக்குடம் தண்டி. பழைய சில்வர் ஓக் கட்டையைச் சுரண்டுனது சாம்பல் நிறம், வேற மரத்தைச் சுரண்டுனது செம்மண் நிறம், ரெண்டும் அலை அலையா மாறி மாறி வந்திருந்துச்சு. பாக்க என்னமோ அழகாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல.

கொழுந்தன்தான் "இதுக்கு யாரையும் கூப்பிடணுமா மதினி, ஒரு பந்தம் போதும், அஞ்சு நிமிச வேலை"ன்னாரு. கம்புல துணி சுத்தி பெட்ரோல் நனைச்சு நீட்டினாரு, அப்ப மணி அஞ்சரை, வெளிச்சம் இன்னும் போகல. அங்கதான் தப்பு. கூடு பாதி எரிஞ்சுச்சு, ஆனா இரை தேடப் போன பாதிக் குளவி அப்பதான் திரும்பி வந்துச்சு, ஒரு பொறி வைக்கோல்ல விழுந்து அது தனியா புகைய ஆரம்பிச்சிருச்சு, கொழுந்தனுக்கு ஏழு இடம், ஒண்ணும் பண்ணாம கன்னுக்குட்டியைப் பிடிச்சுகிட்டு நின்ன எங்க மாமியாருக்கு மூணு இடம். அத்தைக்கு வெறும் வீக்கம்தான், கொழுந்தனுக்கு பத்து நிமிசத்துல உதடு தடிச்சு, குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஜீப்புல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், தொடையில அட்ரினலின் ஊசி போட்டப்புறம்தான் மூச்சு சீரா வந்துச்சு. வளைவுக்கு வளைவு எனக்கு உசுரு போயி வந்துச்சு, அதை விடுங்க.

இப்ப உங்க விசயத்துக்கு வர்றேன். முதல்ல அது குளவிதானான்னு தூரத்துல இருந்தே பாருங்க. உருண்டையா, பானை மாதிரி மூடி, ஒரே ஒரு ஓட்டை வாசல் இருந்தா அது பெரிய குளவி, தஞ்சாவூர்ப் பக்கம் கதண்டும்பாங்க, பேப்பர்ல விஷ வண்டு, கதம்ப வண்டுன்னு போடுவாங்க. மூடாம, ஒத்தை அடை பெருசா, கருப்பா தொங்குனா அது மலைத்தேனீ, அதைக் கொல்ல வேணாம், அது சீசன் முடிஞ்சா இடம் மாறிப் போயிரும், கிட்ட மட்டும் போகாதீங்க. எங்க பக்கம் பளியர்ங்கிற மலைவாழ் ஆளுகதான் அந்தத் தேனை எடுப்பாங்க, அது அவங்களுக்கு மட்டும் கைவந்த வேலை. சின்னக் குடையைக் கவுத்த மாதிரி கையகலம் இருந்தா அது சாதாரணக் குளவி.

பெரிய குளவியா இருந்தாலும், மரத்து உச்சியில, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல இருந்தா விட்டுருங்க. அதுக தோட்டத்துப் புழுவையெல்லாம் பிடிச்சுத் தின்னும், தேன் பெட்டி வச்சிருக்கவங்களுக்குத்தான் எதிரி. கூட்டம் காலியாயிட்டா அந்தப் பழைய கூட்டுக்குத் திரும்ப வந்து குடியேறாது. பாதை ஓரம், வாசல், மாட்டுக்கொட்டாய், பிள்ளைக விளையாடுற இடம்னா மட்டும் 101க்கு அடிச்சு தீயணைப்புக்குச் சொல்லுங்க. எங்களுக்கு மிச்சப் பாதிக் கூட்டை எடுக்க அவங்கதான் வந்தாங்க, நல்லா இருட்டினப்புறம், உடம்பு முழுக்க மூடுன டிரஸ்ல. வீட்டு லைட்டு எல்லாத்தையும் அணைக்கச் சொல்லிட்டாங்க, ஏன்னா தொந்தரவு பண்ணுனா அது வெளிச்சத்தைப் பாத்துத்தான் வரும், டார்ச்சை கையில பிடிச்சவன் காலி. அவங்க வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் கல்லு எறியிறது, புகை போடுறது, மரம் அறுக்குற மிஷின் ஓட்டுறது எதுவும் வேணாம். ஒண்ணு வந்து உக்காந்தா அடிச்சு நசுக்காதீங்க, நசுக்குனா ஒரு வாடை கெளம்பும், அதுதான் மத்ததுக்கு சிக்னல். துரத்துனா மூஞ்சியை மூடிக்கிட்டு நேரா ஓடி ரூமுக்குள்ளயோ வண்டிக்குள்ளயோ போயி கதவைச் சாத்துங்க.

கொட்டிருச்சுன்னா கத்தியை வச்சு நோண்டாதீங்க, தேனீ மாதிரி குளவி கொடுக்கை விட்டுட்டுப் போகாது, அதனாலதான் ஒரே குளவி நாலு தடவை கொட்டும். மோதிரம், வளையல் எல்லாத்தையும் வீங்குறதுக்கு முன்னாடியே கழட்டிருங்க. சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்க, சுண்ணாம்பு தடவுறவங்க தடவட்டும் ஆனா அதை நம்பி வீட்லயே உக்காந்திராதீங்க. மூச்சு முட்டு, உதடு நாக்கு வீக்கம், வாந்தி, தலைசுத்தல் இதுல எது வந்தாலும் உடனே 108. நெறைய இடத்துல கொட்டியிருந்தா ஆளு தெம்பா இருந்தாலும் ஆஸ்பத்திரி போயிரணும், விஷம் கிட்னியை அடிக்கும், அது ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுக்கூடத் தெரியும். ஒண்ணுக்கு கடுங்காப்பி நிறத்துல போனாலோ, போறதே கொறஞ்சாலோ தூங்கி எந்திரிச்சுப் பாக்கலாம்னு இருக்காதீங்க.

இன்னொண்ணு, பெரிய குளவிக்கூடு பெரும்பாலும் முதல்ல ஒரே ஒரு ராணி மட்டும் தனியா ஆரம்பிக்கிறதுதான், அப்ப எலுமிச்சம்பழம் தண்டிதான் இருக்கும். அந்த நேரத்துல பாத்தா நீளக் கம்பால தட்டி விட்டாலே போதும். நான் இப்ப மாசம் ஒருதரம் ஒட்டடைக் கம்பை எடுத்துகிட்டு கொட்டாய்த் தகரத்துக்கு அடியில ஒரு சுத்து பாத்துட்டு வர்றேன், கொழுந்தன் மட்டும் வாசல்லயே நின்னுக்குவாரு.