இரண்டு விரல் போன கையால் வில் இழுக்கலாமா?

கேள்வி: ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் சிக்கி, வலது கையில் ஆள்காட்டி விரல் அடியோடும் நடுவிரல் பாதியும் போய்விட்டன. காயம் ஆறி இரண்டு வருடம் ஆகிறது. மரபு வில் பழக ஆசை. நண்பரின் வில்லை மோதிர விரல், சுண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். முன்கை வரைக்கும் வலிக்கிறது. ஒருவர் சிலிகான் விரல்கள், மணிக்கட்டில் மாட்டும் கொக்கி, 45 பவுண்டு வில் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்குத் தருகிறேன், பாரா வில்வித்தை (மாற்றுத்திறனாளிகளுக்கான வில்வித்தை) சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்கிறார். வீட்டில் ஏகலைவன் கதை சொல்லிச் சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த முப்பதாயிரத்தைப் பையிலேயே வைத்திருங்கள். அடிபட்ட கைக்கு என்று நீங்கள் இப்போது எதுவும் வாங்க வேண்டாம். கையை மாற்றுங்கள். இடது கை நாணை இழுக்கட்டும், வலது கை வில்லைத் தாங்கட்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

வில் பிடிக்கிற கைக்கு விரல்கள்தான் முக்கியம் என்று பலரும் நினைக்கிறார்கள். வில்லை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை, பிடிக்கவும் கூடாது. நாண் பின்னால் போகப் போக வில் தானாகவே உள்ளங்கைக்குள் வந்து அழுந்தும். அந்த அழுத்தம் முழுக்க விழுவது கட்டைவிரல் மேட்டில், கைரேகைக்காரர்கள் ஆயுள் ரேகை என்று காட்டும் கோட்டுக்கு உட்புறம். விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். இறுக்கிப் பிடிப்பவர்களின் அம்புதான் இடமும் வலமுமாகச் சிதறும். உங்களுக்கு மிச்சமிருக்கும் இரண்டு விரலும் கட்டைவிரலும் இந்த வேலைக்குத் தாராளம்.

நாண் இழுக்கும் கையின் கதை வேறு. வழக்கமான மூன்று விரல் பிடியில் அம்புக்கு மேலே ஆள்காட்டி, கீழே நடுவிரலும் மோதிர விரலும் இருக்கும். பாரத்தில் பெரும்பங்கு நடுவிரலுக்கு. உங்களிடம் இல்லாதவை அந்த முதல் இரண்டும்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும் என்று நம்பிப் பழகினால், வலி முன்கையோடு நிற்காது. துண்டான விரலின் தசைநார் உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து விரல்களும் முழுப் பலத்தோடு மடங்காது. இதைச் சரிசெய்ய முடியுமா என்பதைக் கை அறுவை நிபுணர்தான் சொல்ல வேண்டும், வில் விற்பவர் அல்ல.

கட்டைவிரலால் இழுக்கும் முறை ஒன்று உண்டு. மங்கோலியர், துருக்கியர், கொரியர், மொகலாயர் எல்லோரும் அப்படித்தான் எய்தார்கள். கட்டைவிரலில் கல் அல்லது கொம்பு வளையம் மாட்டி, நாணை அதில் கொக்கி போடுவார்கள். மடித்த கட்டைவிரல் நழுவாமல் ஆள்காட்டி விரல் மேலே பூட்டும். ஆள்காட்டி மட்டும் போனவர்களுக்கு நடுவிரலால் பூட்டச் சொல்லிக் கொடுக்கலாம். உங்களுக்கு இரண்டும் இல்லை. மோதிர விரலை வளைத்துக் கொண்டுபோய்ப் பூட்டலாம் என்று சிலர் செய்து காட்டுவார்கள். வெறுங்கையில் வரும், பாரம் ஏறியதும் நழுவும்.

ஏகலைவன் விஷயத்துக்கும் ஒரு வரி. அவன் கொடுத்தது கட்டைவிரல். அதற்குப் பிறகும் மற்ற விரல்களால் அவன் எய்தான், பழைய வேகம்தான் போயிற்று என்றுதான் மகாபாரதமே சொல்கிறது. மூன்று விரல் பிடியில் கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது. வீட்டில் சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது கை மாற்றுவது சரிப்படாத ஒரு நிலைமை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிரஸ் விபத்துகளில் விரலோடு உள்ளங்கைத் தோலும் கிழிந்து, தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ தோல் எடுத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டுத் தோல் கட்டைவிரல் மேட்டில் இருந்தால் அந்த இடம் பாரம் தாங்காது. தாங்காததும் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே உணர்ச்சி குறைவு. வீட்டிலேயே சோதிக்கலாம். சப்பாத்திக் கட்டையை நெட்டுக்குத்தாகச் சுவரில் வைத்து, கையை நேராக நீட்டி, கட்டைவிரல் மேட்டால் பத்து விநாடி அழுத்துங்கள். எடுத்துவிட்டுத் தோலைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் பழைய நிறம் வந்தால் நல்லது. இப்படிப் பத்துத் தடவை செய்துவிட்டு மறுநாள் காலை மறுபடி பாருங்கள். சிவப்பு தங்கியிருந்தாலோ, கொப்புளம் கட்டியிருந்தாலோ, துண்டான நுனியில் கரண்ட் அடித்தது போல ஒரு சுண்டல் இருந்தாலோ வில்லைத் தொடாதீர்கள். அந்தச் சுண்டல் நரம்பு முனை முடிச்சுப் போட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. தோல் மட்டும்தான் சிக்கல் என்றால் பிடியில் மெத்தென்ற தோல் சுற்றி, உள்ளங்கையை மூடும் கையுறையோடு மறுபடி சோதியுங்கள். கட்டைவிரல் விறைத்துப்போய்ப் பக்கவாட்டில் விரியவே இல்லை என்றால் கை மாற்றும் யோசனையை விட்டுவிட வேண்டியதுதான். அப்போது வேறு வழி தேடலாம், தனியாக எழுதுங்கள்.

சோதனையில் தேறினால் அடுத்தது வில். பழைய பாணி வில்கள் பலவற்றில் அம்பு வைக்கத் திட்டு இருக்காது. வில் பிடித்த கையின் ஆள்காட்டி விரல் முட்டிதான் திட்டு. உங்களுக்கு அந்த விரல் அடியோடு இல்லை, அம்பு சறுக்கும். போதாததற்கு, இறகின் முன்முனை ஒவ்வொரு எய்தலிலும் அந்தத் தோலை உரசிக்கொண்டு போகும். மற்றவர்கள் எரிச்சலில் கையை உதறுவார்கள். மரத்த தோல் உள்ளவர் ரத்தம் சொட்டிய பிறகுதான் பார்ப்பார். அதனால் திட்டு வெட்டிய வில்லையே வாங்குங்கள்.

இங்கேதான் கடைக்காரர்கள் குழப்புவார்கள். உங்களுக்கு வேண்டியது இடக்கை வில். அதாவது இடது கையால் இழுத்து, வலது கையில் பிடிப்பது. இடக்கை என்றால் இடது கையில் பிடிப்பது என்று சொல்லித் தேங்கிக் கிடக்கும் வலக்கை வில்லைத் தள்ளிவிடுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நாண் உங்கள் பக்கம் இருக்கும்படி வில்லை வலது கையில் பிடியுங்கள். அம்பு உட்காரும் வெட்டு வலப்புறம் இருந்தால் அது உங்கள் வில். இடப்புறம் இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுங்கள், தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும் சரி.

45 பவுண்டு என்பது 20 கிலோவுக்கு மேல். புதிதாகப் பழகுபவருக்கு, அதுவும் பழக்கமில்லாத கைக்கு, அதைக் கொடுப்பவருக்கு வில்லைப் பற்றித் தெரியாது, அல்லது உங்கள் தோளைப் பற்றிக் கவலையில்லை. 18, அதிகம் போனால் 20 பவுண்டில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு மாதம் பிசியோதெரபி ரப்பர் பட்டையை வலது கையில் பிடித்து, இடது கையால் தாடை வரை இழுத்து, மெதுவாகத் திரும்ப விட்டுப் பழகுங்கள். வெறும் வில்லை இழுத்து அம்பில்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், வில் உடையும்.

வலது கண்தானே பலம், இடது கையால் எப்படிக் குறி வைப்பது என்று பயமுறுத்துவார்கள். வலது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஐந்தாறு மீட்டரில் பழகும்போது அது ஒரு பிரச்சினையே இல்லை.

சிலிகான் விரல் பார்வைக்கு. கல்யாண வீட்டுக்குப் போகப் போட்டுக்கொள்ளலாம், நாணின் பாரத்தை அது தாங்காது. மணிக்கட்டுக் கொக்கிகளில் பெரும்பாலானவற்றில் நாணை விடுவிக்கும் விசை ஆள்காட்டி விரலால் தட்டுவது என்பதை அவர் சொன்னாரா? தவிர அது காம்பவுண்ட் வில்லுக்கான, அதாவது நுனிகளில் சக்கரம் வைத்த நவீன வில்லுக்கான கருவி. மரபு வில் எய்பவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். இந்த ஆட்கள் ஷீத்தல் தேவியின் படத்தைக் காட்டி விற்கிறார்கள். கையே இல்லாத அந்தப் பெண் காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அது காம்பவுண்ட் வில், அவருக்காகவே யோசித்துச் செய்த அமைப்பு, பின்னால் பயிற்சியாளர்கள். பெட்டியில் போட்டு விற்கிற சரக்கு அல்ல.

சான்றிதழ் வாக்குறுதி இன்னும் மோசம். பாரா வில்வித்தையில் யார் எந்தப் பிரிவு என்பதை அதற்கென்று பயிற்சி பெற்ற வகைப்படுத்துநர்கள் கையை அளந்துதான் முடிவு செய்வார்கள். எந்த ஏஜெண்டும் அதை வாங்கித் தர முடியாது. நம் ஊரில் ஒரே கையை மூன்று இடத்தில் மூன்று விதமாக அளக்கிறார்கள். தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணை ஒரு கையில் இரண்டு விரல் போனால் வருமானத் திறன் இழப்பு 20 சதவீதம் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் ஊனம் வேண்டும், அதற்குக் கணக்கு வேறு. விளையாட்டு வகைப்பாடு மூன்றாவது. ஒரு மேஜையின் காகிதத்தை அடுத்த மேஜை மதிக்காது, ஒவ்வொரு இடத்திலும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஏஜெண்டுகள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான். உங்கள் இழப்பீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை என்றால், அந்த ஆள் நீட்டும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எய்தபின் வில் முன்னால் விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலரும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். வழக்கமாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் இணைத்து ஒரு ஷூ லேஸ் கட்டுவார்கள். நீங்கள் லேஸை மணிக்கட்டில் சுற்றி, வில்லின் முன்பக்கமாகக் கொண்டுவந்து கட்டுங்கள். இழுக்கிற இடது கை விரல்களுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு தோல் துண்டு போதும். செருப்புத் தைப்பவரிடம் மூன்று மில்லிமீட்டர் தோலில் வெட்டித் தரச் சொல்லலாம்.

அம்பு வாங்கும்போது இடது கையால் முழுதாக இழுத்து அளவெடுத்து, அதைவிட இரண்டு அங்குலம் நீளமாக வாங்குங்கள். பழகப் பழக இழுப்பு நீளும். குட்டையான அம்பு திட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், விட்டதும் பாய்வது வில் பிடித்த கையில்தான்.