அமெரிக்கக் கால்பந்தில் ‘டிராஃப்ட்’ மூலம் ஒரு தோற்ற அணியைத் தேற்றுவது எப்படி?

அமெரிக்காவின் என்எஃப்எல் லீக்கில் (முட்டை வடிவப் பந்து ஆட்டம்) 32 அணிகள். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி வீரர்களை அவை முறைவைத்து 7 சுற்றுகளில் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி. வீட்டில் நோஞ்சான் பிள்ளைக்கு முதலில் நெய் ஊற்றுவது மாதிரி. முன்பு வலுவான அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டன. அதனால் பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் சொன்ன யோசனைப்படி 1936இல் இது தொடங்கியது.

இந்த வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் கைமாற்றலாம். சுவாரஸ்யமே இங்கேதான். 1989இல் டாலஸ் கவ்பாய்ஸ் 16 ஆட்டங்களில் 15இல் தோற்றது. அந்த சீசனின் நடுவிலேயே தன் நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு டிராஃப்ட் வாய்ப்புகளைக் கட்டுக்கட்டாக வாங்கியது. இருக்கும் ஒரே நல்ல ஆளையும் விடுவதா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வாய்ப்புகளின் உதவியால் வந்தவர்தான் பின்னாளில் பெரிய நட்சத்திரமான எம்மிட் ஸ்மித். 1992 சீசனில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்று கோப்பையும் வந்தது.

முதல் தேர்வு கிடைத்தாலே அணி தேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படி உறுதியில்லை. 2007இல் ஓக்லண்ட் அணி முதல் ஆளாக எடுத்த ஜமார்கஸ் ரஸ்ஸல் 3 சீசன்களோடு காணாமல் போனார், பின்னாளில் ஆட்டத்தின் மாபெரும் நட்சத்திரமான டாம் பிரேடியோ 2000இல் 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார்.