வெளிநாட்டுப் பயணத்தில் முதல்முறையாக ஜிப்லைனில் (சரிவான எஃகு வடத்தில் தொங்கியபடி சறுக்கிப் போவது) போனபோது பயமாக இருந்ததா?

இருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. உயரத்தையும் வேகத்தையும் எண்ணிக் கலங்கிக்கொண்டு போனேன். இரண்டும் என்னை ஒன்றும் செய்யவில்லை. மேடை விளிம்பிலிருந்து காலை எடுக்கிற அந்த ஒரு நொடிதான் உயிரை வாங்கியது.

மலேசியாவின் பினாங்கில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப் பூங்காவுக்கு அத்தை மகள் இழுத்துப் போனாள். ஜார்ஜ் டவுனிலிருந்து 101ஆம் எண் பஸ், பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரை ஊர் வழியாக வளைந்து வளைந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். (2019இல் கின்னஸ் சாதனை படைத்த 1,111 மீட்டர் நீர்ச்சறுக்கும், காற்றடைத்த வளையத்தில் உட்கார்ந்து போவது, இங்கேதான். வரிசையைப் பார்த்ததும் அதைக் கைவிட்டோம்.)

இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளை இறுக்கிய ஊழியர் நம் தமிழ்ப் பையன். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "குதிக்காதீர்கள் அக்கா. முதலில் இங்கேயே முழங்காலை மடக்கி உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். பட்டை இறுகியது, தலைக்கு மேல் எஃகு வடம் லேசாகத் தாழ்ந்து என் எடை முழுவதையும் வாங்கிக்கொண்டது. பாதம் இன்னும் பலகையில்தான் இருந்தது, ஆனால் என்னைத் தாங்கியது பாதம் இல்லை. உடம்புக்கு இது உறைத்த பிறகு காலைத் தூக்குவது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

பிறகு கப்பியின் ரீங்காரம், கீழே மரங்கள், முகத்தில் காற்று. சட்டென்று முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை படி ஏறினோம் என்றுகூடத் தோன்றியது!

மோட்டார் எதுவும் கிடையாது. வடம் சரிவாகக் கட்டப்பட்டிருப்பதால் நம் எடையே நம்மை இழுத்துப் போகிறது. கனமானவர்கள் விரைவாகச் சேர்ந்துவிடுவார்கள். ஒல்லியானவர்கள் சில சமயம் மேடைக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடுவார்கள், ஊழியர் வந்து இழுத்துக்கொள்வார். அத்தை மகளுக்கு அதுதான் நடந்தது. அந்தரத்தில் தொங்கியபடி, "அம்மா சாப்பிடச் சொன்னபோது சாப்பிட்டிருக்கலாம்!" என்று கத்தினாள்.

போகிறவர்கள் கப்பிக்கு முன்னால் வடத்தின்மேல் மட்டும் கையை வைக்காதீர்கள், விரல் நசுங்கிவிடும். கால் மூடிய ஷூ போடுங்கள், கூந்தலை இறுக்கிக் கட்டுங்கள், துப்பட்டா வேண்டாம். இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள், பினாங்கில் பிற்பகல் மழையும் சகஜம்; எனவே காலையிலேயே போய்விடுவது நல்லது. பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகள் அடங்குமா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பல பாலிசிகளில் அடங்காது.