பீனட்ஸ்: எந்தத் தொகுப்பை வாங்குவது?

பீனட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரக்கதைத் தொடரைப் புத்தகமாக வாங்க முழுத்தொகுப்பா, ஞாயிறு வண்ணத் தொகுப்பா, பழைய பாக்கெட் புத்தகங்களா என்பது கேள்வி. தொடர்ச்சியாகப் படிக்க வேண்டுமென்றால் ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகத்தின் முழுத்தொகுப்புதான். சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000 வரை வரைந்தவை 25 தொகுதிகளில், தொகுதிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீதம், தேதி வரிசையில் உள்ளன. 26-ஆவது தொகுதி உதிரிப் படைப்புகள். பத்திரிகைத் தொடர் மட்டும் போதுமென்றால் அது தேவையில்லை.

பலர் ஏமாறும் இடம் ஒன்று: இதில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களும் கறுப்பு-வெள்ளைதான். வண்ணம் வேண்டுமென்றால் பெரிய அளவில் 10 தொகுதிகளாக வந்த ஞாயிறு வரிசை தனி. இரண்டையும் வாங்கினால் ஞாயிறு பக்கங்கள் இரட்டிப்பாகும். ஞாயிறு வரிசையில் வாரநாள் கதைகள் கிடையாது.

பாக்கெட் புத்தகங்கள் மலிவு, ஆனால் பொறுக்கியெடுத்தவை. பக்க அளவுக்காகக் கட்டங்களை மாற்றி அடுக்கியிருப்பதால் நகைச்சுவையின் தாளம் கெடும்.

முதல் தொகுதியிலிருந்து தொடங்கியே ஆகவேண்டுமா? வேண்டாம். அங்கே தொடரின் நாயான ஸ்னூப்பி வெறும் குட்டி. 1959–60 தொகுதியை எடுங்கள், பிடித்தால் 1965–66. போர் விமானியாக ஸ்னூப்பி பறக்கத் தொடங்குவது அதில்தான்.