ஓடுவதற்கு ஷூ வாங்கும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வயது 46, எடை 78 கிலோ. வாரத்தில் ஆறு நாள், நடையும் மெல்லோட்டமுமாக நான்கு கிலோமீட்டர் போகிறேன். ‘மெமரி ஃபோம்’ என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு ஒரு ஷூ தந்தார்கள். கடையில் காலை விட்டதும் பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டே மாதத்தில் சப்பிப்போய், இப்போது குதிகால் தரையில் இடிக்கிறது. இன்னும் விலை கூடியதாக வாங்கினால் சரியாகுமா?
வாசகி, பார்வதிபுரம்

பதில்: கடையில் உங்கள் பாதம் உணர்ந்தது இன்சோலை மட்டும்தான். கையை விட்டு உருவினால் வந்துவிடும், நான்கைந்து மில்லிமீட்டர் கனமுள்ள அட்டை அது. அடியைத் தாங்குவது அதற்குக் கீழே, தரையைத் தொடும் ரப்பருக்கு மேலே இருக்கும் தடித்த நுரைப் பகுதியான மிட்சோல். மெமரி ஃபோம் அமுக்கினால் அமுங்கும்; எழுந்து வர இரண்டு மூன்று விநாடி எடுக்கும். மெல்லோட்டத்தில் நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறீர்கள் என்றால், ஒரே கால் முக்கால் விநாடிக்கு ஒருமுறை தரையில் விழுகிறது. அமுங்கியது எழுவதற்குள் அடுத்தடுத்த அடிகள் விழுந்துவிடும். அந்த நுரை ஓடுகிறவருக்கு இருந்தும் இல்லாததுதான்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலுக்கு வருகிறது. உங்கள் எடைக்கு அது ஏறத்தாழ 160 முதல் 230 கிலோ. இதைத் தாங்கக் கொஞ்சம் இறுக்கமான மிட்சோல்தான் வேண்டும். பெரும்பாலான ஷூக்களில் இருப்பது ஈ.வி.ஏ. என்ற நுரை. அதிலேயே அடர்த்தி குறைந்த மலிவு ரகம் சீக்கிரம் சப்பிவிடும். அடர்த்தி கூடியது பல மாதம் தாங்கும். டி.பி.யூ. நுரை கொஞ்சம் கனம், ஆனால் நன்றாக உழைக்கும். பீபா என்ற நுரை பஞ்சாய் இருக்கும், துள்ளும், விலையும் துள்ளும். அது பந்தயத்துக்கு ஓடுகிறவர்கள் சமாச்சாரம், உங்களுக்கு வேண்டாம். அடர்த்தியான ஈ.வி.ஏ. போதும். 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும்.

கடையில் இன்சோலை உருவி வெளியே வைத்துவிட்டு ஷூவைப் பாருங்கள். குதிகால் பக்கம் மிட்சோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்க வேண்டும், விரலை எடுத்ததும் உடனே எழ வேண்டும். விரல் பதிந்த குழி அப்படியே நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, முனையையும் குதிகாலையும் பிடித்து வளையுங்கள். விரல்களின் அடிப்பகுதி வரும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நட்டநடுவில் இரண்டாக மடங்குகிற ஷூ பாதத்தின் வளைவைத் தாங்காது. குதிகாலைச் சுற்றி வரும் பின்சுவர் விரலால் நசுக்கினால் மடியக் கூடாது. கடைசியாக இரண்டு ஷூவையும் மேசைமேல் வைத்து, குனிந்து பின்னாலிருந்து பாருங்கள். ஒன்று உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருந்தால் ஒட்டும்போதே கோணிவிட்டது என்று பொருள். பெரிய பெயருள்ள கம்பெனி ஷூவிலும் இது நேர்கிறது.

இன்னொரு கணக்கு. ஓட்ட ஷூவின் மிட்சோல் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். எடை கூடினால் 500 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாரம் 24 கிலோமீட்டர் போகிறீர்கள். ஐந்து மாதத்தில் 500 ஆகிவிடும். மேலே துணி புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை செத்திருக்கும். வாங்கிய தேதியை இன்சோலின் அடியில் பேனாவால் எழுதி வைத்தால் இந்தக் கணக்கு மறக்காது. முழங்காலில் வீக்கமோ, மடக்கும்போது சிக்கிக்கொள்வதோ இருந்தால் ஷூ கடைக்குப் போகாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: காவலர் தேர்வுக்கு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் பயிற்சி எடுக்கிறேன். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அடி தடித்த ஷூ போட்டால் வேகம் வரும் என்கிறார்கள், உண்மையா?
வாசகர், கோட்டாறு

பதில்: ஏழு நிமிடத்துக்கு அது தேவையில்லை. உயரமான மென்நுரையில் வளைவுகளில் கணுக்கால் ஆடும். இலகுவான, அளவான குஷன் உள்ள சாதாரண ஓட்ட ஷூ போதும். குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ‘டிராப்’ என்பார்கள். இப்போது நீங்கள் போடுவது 10 மில்லிமீட்டராக இருந்து, புதியது 4 என்றால் கெண்டைக்காலும் குதிநரம்பும் வலிக்கும். மூன்று நான்கு வாரமாவது மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்குங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் புது ஷூ வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 8-ஆம் எண் வரவழைத்தால் நீளம் சரி, ஆனால் சுண்டுவிரல் நெரிகிறது. 9 வாங்கினால் குதிகால் கழன்று வருகிறது. என்ன செய்ய?
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் சிக்கல் நீளத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்த பாதம் முன்பக்கம் விரிந்தே இருக்கும். பல கம்பெனி அச்சுகள் அதைவிட ஒடுங்கியவை. அடுத்த எண்ணுக்குப் போனால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது. அதனால்தான் குதிகால் கழல்கிறது.

மாலையில் அளவெடுங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி அதன் முழு அளவில் இருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, தாளைச் சுவரோடு ஒட்டி விரித்து, குதிகால் சுவரில் படும்படி இரண்டு காலிலும் எடை விட்டு நில்லுங்கள். மிக நீண்ட விரலின் நுனியிலும், முன்பாதத்தின் மிக அகன்ற இரு ஓரங்களிலும் குறியிடுங்கள். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் நாலைந்து மில்லிமீட்டர் பிசகிவிடும். இரண்டு பாதமும் ஒன்றாக இராது, பெரியதையே கணக்கில் எடுங்கள். அந்தந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலில் சென்டிமீட்டரைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் 8 இன்னொன்றின் 8 அல்ல. ஆண்கள் ஷூவில் சாதாரண அகலம் ‘டி’, அகன்றது ‘2இ’, அதைவிட அகன்றது ‘4இ’. உங்களுக்கு 8-ஆம் எண்ணில் 2இ பொருந்தும் என்று தோன்றுகிறது. போட்டு நிற்கும்போது விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். வந்ததும் வீட்டுக்குள் தரையில் மட்டும் போட்டுப் பாருங்கள். மண் பட்டுவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: ரப்பர் தோட்டத்து வழியிலும் சிமெண்ட் சாலையிலும் ஓடுகிறேன். மழைக்காலத்தில் வழுக்குகிறது, ஷூ காயவும் மாட்டேன் என்கிறது. அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து பெட்டியிலேயே வைத்திருந்த இன்னொரு ஷூவை எடுத்தால், அடி பொடிப்பொடியாக உதிர்கிறது!
வாசகர், குலசேகரம்

பதில்: ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. மலிவு ஷூக்கள் பலவற்றில் அடியில் ரப்பரே கிடையாது, நுரையே தரையைத் தொடும். ரப்பர் விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதை வாங்கலாமா? நகத்தால் அடியை அழுத்துங்கள். தடம் பதிந்தால் நுரை, பதியாமல் பிடித்து இழுத்தால் ரப்பர். குதிகாலிலும் முன்பாதத்திலும் ரப்பர் கட்டாயம் வேண்டும். செம்மண் வழிக்கு, மண்ணைப் பிடிக்கும்படி ரப்பர் கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கும் அடி நல்லது. பாசி பிடித்த சிமெண்டில் எந்த ஷூவும் வழுக்கும், அங்கே நடந்துவிடுங்கள்.

காயவைக்க லேஸைத் தளர்த்தி, இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அடுப்பங்கரையும் உச்சிவெயிலும் கூடாது. பசை இளகும், ஈ.வி.ஏ. சுருங்கும். முட்டம், சொத்தவிளை பக்கம் கடற்கரையில் ஓடுகிறவர்கள் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிட்டுக் காயவைக்க வேண்டும். மழை மாதங்களில் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதே உத்தமம்.

உதிர்ந்த ஷூவின் அடி பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போடாமல் பூட்டி வைத்தாலும் தப்பாது. பசை போட்டு ஒட்டவும் முடியாது. தள்ளுபடியில் வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: வாங்கி மூன்றாம் வாரமே சோல் பிரிந்துவிட்டது. கடைக்காரர் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி.யும் வாங்கினார்.
வாசகி, தக்கலை

பதில்: அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் விருப்பம். குறையுள்ள பொருளுக்கு, பில்லில் அச்சடித்த அந்த வாசகம் செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதன்மேல் ஒரு ரூபாயும் கூட்ட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையான காலணிக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் வரி, அது எம்.ஆர்.பி.க்குள்ளேயே அடக்கம்.

பிரிந்த இடத்தைப் பில்லோடு சேர்த்துப் படம் எடுங்கள். நீங்களே ஒட்டாதீர்கள், செருப்புத் தைக்கிறவரிடமும் கொடுக்காதீர்கள். கை வைத்துவிட்டால் ‘நீங்களே கெடுத்தது’ என்பார்கள். கடைக்கும், பெட்டியில் உள்ள வாடிக்கையாளர் சேவை முகவரிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது, அதனால் இந்த வாரமே. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியதைத் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் தனியாகப் புகார் செய்யுங்கள். அதற்கும் அதே பில் வேண்டும் என்பதால் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதத்தில் மங்கி வெள்ளைத்தாளாகிவிடும்.